ரெக்ரெஷன் கோஎஃபிஷியன்ட்ல இருந்து எஃபெக்ட் சைஸ்: உங்க கேள்விகளுக்கு பதில்

கேள்வி: அக்கா, தூக்க நேரம் வச்சு மார்க்கை ப்ரெடிக்ட் பண்ணேன், ரெக்ரெஷன் கோஎஃபிஷியன்ட் பி (b) 2.4 வந்துச்சு. எஃபெக்ட் சைஸ் (தாக்கத்தோட அளவு) பெருசா சின்னதா?

பதில்: அந்த நம்பரை மட்டும் பாத்து சொல்ல முடியாதுப்பா. மாடல்ல இருக்கற மத்த வேரியபிள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும்போது ஒரு மணி நேரம் கூட தூங்குறவங்களுக்கு சராசரியா 2.4 மார்க் கூட, அவ்ளோதான் அதுக்கு அர்த்தம், அதையே நிமிஷத்துல அளந்திருந்தா 0.04னு வந்திருக்கும். அதனால யூனிட்டை பொறுத்து மாறாத பீட்டாவா மாத்துங்க: தூக்கத்தோட எஸ்டி (ஸ்டாண்டர்ட் டீவியேஷன், சராசரியில இருந்து எவ்ளோ சிதறியிருக்குங்கற அளவு) 1.5 மணி நேரம், மார்க்கோட எஸ்டி 12ன்னா 2.4 × 1.5 ÷ 12, பீட்டா 0.3. ஆனா படிக்கறவங்களுக்கு புரியுற யூனிட்டா இருந்தா பி-யையும் கூடவே போடுங்க, அதை தூக்கிடாதீங்க.

கேள்வி: எக்ஸ் (ப்ரெடிக்ட் பண்ண வச்சிருக்கற வேரியபிள்) 0/1 டம்மி, ரெண்டு க்ரூப்ல எதுன்னு மட்டும் சொல்றது. அதுக்கும் இதேதானா?

பதில்: இங்கதான் நிறைய பேர் வழுக்கி விழறாங்க. டம்மியோட எஸ்டி, எத்தனை பேர் எந்த க்ரூப்ல இருக்காங்கங்கறத பொறுத்து மாறும், பாதிப் பாதின்னா 0.5, பத்துல ஒருத்தர்னா 0.3. க்ரூப்புக்கு நடுவுல அதே 6 மார்க் வித்தியாசம், க்ரூப்புக்குள்ள எஸ்டி 12ன்னு வைங்க, முதல்ல பீட்டா 0.24, ரெண்டாவதுல 0.15, எஃபெக்ட் மாறவே இல்ல! அதனால 6 ÷ 12 = 0.5ன்னு கோஹென் டி-யா (d, க்ரூப் வித்தியாசத்தை க்ரூப்புக்குள்ள எஸ்டி-யால வகுத்தது) சொல்லுங்க. கோவேரியேட் (கூட சேர்க்கற கன்ட்ரோல் வேரியபிள்) போட்டப்புறம் வர்ற ரெசிடுவல் எஸ்டி-யால (மாடல் விளக்காம மிஞ்சுறதோட எஸ்டி) வகுக்காதீங்க, அது சுருங்கி டி ஊதிப்போயிடும்.

கேள்வி: யெஸ்/நோ அவுட்கம்ல ஆட்ஸ் ரேஷியோ 2. "வாய்ப்பு ரெண்டு மடங்கு"ன்னு எழுதலாமா மேடம்?

பதில்: தயவுசெஞ்சு வேண்டாம். ஆட்ஸ்னா நடக்கற வாய்ப்பு ÷ நடக்காத வாய்ப்பு, ரெண்டு மடங்கு ஆகறது அதுதான், வாய்ப்பு இல்ல. ஆரம்பத்துல 1% இருந்தா கிட்டத்தட்ட 2% ஆகும், சரி, ஆனா 40% இருந்தா 57% தான் ஆகும், 80% ஆகாது. கோஹென் டி-யா மாத்தணும்னா ஆட்ஸ் ரேஷியோவோட நேச்சுரல் லாகை 0.551ஆல பெருக்குங்க, 0.693 × 0.551, சுமார் 0.38. யெஸ்/நோவுக்கு பின்னாடி லாஜிஸ்டிக் டிஸ்ட்ரிப்யூஷன்ல ஒரு தொடர் அளவு இருக்குன்னு நம்பித்தான் இந்த கணக்கு, இறந்தாரா இல்லையாங்கற மாதிரி அவுட்கம்க்கு எனக்கு இது மனசுக்கு ஒப்பல.

கேள்வி: ஒய் (ப்ரெடிக்ட் பண்ற அவுட்கம்) நேச்சுரல் லாக்ல இருக்கு, பி 0.25. 25% கூடன்னு எழுதலாமா?

பதில்: எக்ஸ்பொனென்ஷியல் போடுங்க, 1.284, அதாவது எக்ஸ் ஒரு யூனிட் கூடினா ஒய் 28% கூட, 25% இல்ல.

கேள்வி: மெட்டா அனாலிசிஸ் (நிறைய ஆய்வோட முடிவை ஒண்ணா சேர்க்கறது) பண்றேன், ஒரு பேப்பர்ல பீட்டா மட்டும்தான் இருக்கு, அதையே ஆர்-ஆ (r, கோரிலேஷன்) எடுத்துக்கவா?

பதில்: ஒரே ஒரு ப்ரெடிக்டர்னா ரெண்டும் ஒண்ணுதான், எடுத்துக்கலாம். நிறைய இருந்தா கூடாது, ஒவ்வொரு பேப்பரும் வேற வேற கன்ட்ரோல் போட்டிருக்கும். அந்த கோஎஃபிஷியன்ட்டோட டி-வேல்யூ (t, பி-யை அதோட ஸ்டாண்டர்ட் எரரால வகுத்தது) 2.5, ரெசிடுவல் டிஎஃப் (டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம்) 100 கிடைச்சா 2.5 ÷ √(6.25+100), பார்ஷியல் ஆர் (மத்த ப்ரெடிக்டரோட பங்கை எடுத்துட்டு வர்ற கோரிலேஷன்) 0.24 (இந்த டி வேற, கோஹென் டி வேற, குழப்பிக்காதீங்க). ஆனா அதை சாதாரண ஆர் கூட ஒரே கூடைல போடாதீங்க, தனியா அனலைஸ் பண்ணுங்க. அதுக்கு முன்னாடி எழுதினவங்களுக்கே மெயில் போட்டு கோரிலேஷன் டேபிள் கேளுங்க.