லைக்கன் பற்றிக் கேளுங்கள், காய்ச்சிக் குடிக்கலாமா என்பதைத் தவிர

பினாங்கில் இருக்கிறேன், நுண்ணுயிரியல் படித்தவன். மரப்பட்டையில் ஒட்டியிருக்கும் லைக்கனைப் பார்த்தால் நின்றுவிடுவேன், வீட்டில் திட்டு வாங்குவேன். இன்று மதியம் முழுக்க இங்கேதான்.

செந்தூல் தம்பி: லைக்கனில் ஆன்டிபயாட்டிக் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை தம்பி. லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் நடத்தும் கூட்டுக்குடும்பம். பாசி வெயிலில் சமைத்துப் போடுகிறது, பூஞ்சை வீட்டைக் கட்டிக் காவல் காக்கிறது. அந்தக் காவலுக்கான சரக்கைத் தயாரிப்பதும் பூஞ்சைதான். அதில் பெயர் பெற்றது அஸ்னிக் அமிலம், மஞ்சள் நிறம், 1844லேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். பெனிசிலின் பரபரப்பாக இருந்த 1944ல் அமெரிக்காவில் பர்க்ஹோல்டர் என்ற ஆய்வாளரின் குழு 42 லைக்கன்களைச் சோதித்தது, அவற்றில் 27 லைக்கன்கள் பாக்டீரியாவைத் தடுத்தன. ஆனால் சீழ் பிடிக்க வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற, கிராம் பாசிட்டிவ் என்ற பிரிவு பாக்டீரியாக்களிடம்தான் அஸ்னிக் அமிலத்தின் ஜம்பம் பலிக்கும். குடலில் இருக்கும் ஈ.கோலை மாதிரி கிராம் நெகட்டிவ் என்ற மற்றப் பிரிவுக்கு வெளியே இன்னொரு சவ்வு இருக்கிறது, அதைத் தாண்டுவது கஷ்டம்.

பட்டர்வொர்த் அக்கா: மலையில் தாடி மாதிரி தொங்குகிறதே, அதுதானா? காய்ச்சிக் குடிக்கலாமா?

தலைப்பைப் படிக்கவில்லையா அக்கா! அஸ்னிக் அமிலத்துக்குப் பெயர் போன தாடி லைக்கனுக்கு அஸ்னியா என்று பெயர், ஆனால் தாடியாகத் தொங்குவதெல்லாம் அது இல்லை. கீழே விழுந்த ஒரு கிளையில் இருந்து ஓர் இழையை மெல்ல இழுங்கள், மேல்தோல் விட்டுப்போய் நடுவில் ரப்பர் மாதிரி வெள்ளை நரம்பு தெரிந்தால் அஸ்னியா. மரத்தில் இருப்பதைப் பிய்க்காதீர்கள், லைக்கன்களில் பல வருடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும்.

குடிப்பது வேண்டாம். அஸ்னிக் அமிலம் உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில் எரிபொருளைச் சக்தியாக மாற்றும் வேலையைக் குழப்பிவிடும், எரியும் ஆனால் சக்தி சேராது. இதனால்தான் உடல் இளைக்க என்று மாத்திரையில் போட்டு விற்றார்கள். சாப்பிட்டவர்களுக்குக் கல்லீரல் கெட்டது. லிப்போகைனெடிக்ஸ் என்ற அந்த மாத்திரையைச் சாப்பிடாதீர்கள் என்று 2001 நவம்பரில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்தது. இயற்கைப் பொருள்தானே என்று யாரும் வராதீர்கள், எட்டிக்கொட்டையும் இயற்கைதான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் சமையல்காரர்: அப்படியானால் கல்பாசி போடும் கறி விஷமா?

இல்லைங்க. கல்பாசியும் லைக்கன்தான், பார்மோட்ரீமா என்ற வகை. அதில் முக்கியமாக இருப்பது அஸ்னிக் அமிலம் இல்லை, அட்ரனோரின், ஸ்டிக்டிக் அமிலம் என்ற வேறு சரக்குகள். சட்டிக்கு ஒரு துண்டு போட்டுத் தாளிப்பதற்கும் குடம் குடமாகக் காய்ச்சுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சமையல்காரர் மறுபடி: பாசி என்று பெயரிலேயே இருக்கிறது, நீங்கள் பூஞ்சை என்கிறீர்கள். கறி கெடாமல் இருப்பதும் அந்தக் கல்பாசியால்தான்.

இதற்கு இதுவரை பதினொரு பேர் ஆமாம் போட்டுவிட்டார்கள். குளத்தில் பச்சையாக மிதந்தாலும் பாசி, குளியலறையில் வழுக்கினாலும் பாசி, பாறையில் ஒட்டினாலும் பாசி என்று நம் ஊரில் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓட்டுகிறோம். பெயரைப் பார்த்து ஆளைச் சொல்வதென்றால் கடல் குதிரையில் ஏறிச் சவாரி போகலாம். கறி விஷயத்துக்கு வருவோம். ஆய்வகத்தில் தட்டில் வளர்த்த பாக்டீரியா மேல், அசிட்டோன் என்ற கரைப்பானில் இறக்கிய லைக்கன் சாறு தொட்ட காகித வட்டை வைத்து, சுற்றி வெறுமையான வளையம் வந்தால் தடுக்கிறது என்கிறோம். அந்தச் சரக்கு தண்ணீரில் சரியாகக் கரையாது, உங்கள் ஆட்டுக்கறிக் குழம்பு அசிட்டோனும் இல்லை. கறி கெடாமல் இருந்தால் நீங்கள் நன்றாகக் கொதிக்க வைக்கிறீர்கள் என்று அர்த்தம், பெருமை உங்களுக்கே.

பாலிக் பூலாவ் அண்ணன்: ரம்புத்தான் மரத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு, நோயா?

இல்லை அண்ணே. லைக்கன் என்றால் பட்டையில் வாடகை இல்லாமல் குடியிருக்கிறது, மரத்தை உறிஞ்சாது.

கிள்ளான் தங்கை: இவ்வளவு நல்ல சரக்கு ஏன் மருந்துக்கடையில் மாத்திரையாக வரவில்லை?

இன்று வந்ததிலேயே நல்ல கேள்வி. வளர்ச்சி ஆமை வேகம். பூஞ்சையைத் தனியாகக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்தால் பல நேரம் அந்தச் சரக்கைத் தயாரிக்கவே மாட்டேன் என்கிறது. தயாரித்தாலும் தண்ணீரில் கரையாதது இரத்தத்தில் போய்ச் சேருவது சிரமம், சேர்ந்தால் கல்லீரல் பயம். அதனால் பூசும் மருந்து, கிரீம் பக்கம்தான் இதற்கு அதிகம் வழி இருந்தது.

இன்னொருவர்: எடை குறைய எத்தனை கிராம் போட்டுக் காய்ச்ச வேண்டும்?

மேலே படியுங்கள்.

சமையல்காரர்: கடல் குதிரை உவமை செல்லாது.

செல்லும்லா. டீ குடித்துவிட்டு வருகிறேன்.