கேமரா கேள்வி பதில்: சொட்டு ஏன் கோடா வருது?

கேள்வி: வீட்லயே தண்ணி சொட்டு விழறத போட்டோ எடுத்து பாக்குறேன் சார். ஷட்டர் 1/200, கேமரா மேல ஃப்ளாஷ் ஃபுல் பவர்ல. அப்படியும் சொட்டு கோடு கோடா தான் வருது, ஷட்டர இன்னும் ஏத்தினா படத்துல ஒரு பக்கம் கறுப்பாயிடுது. (வாசகர், கரூர்)

பதில்: ஷட்டர விட்ருங்க, அது இங்க வேலைக்கு ஆகாது. 40 செ.மீ. மேலேர்ந்து விழற சொட்டு கீழ வந்து சேரும்போது நொடிக்கு 2.8 மீட்டர் வேகத்துல இருக்கும், 1/200 நொடில 14 மி.மீ. ஓடிடும், கோடா வராம வேற என்ன வரும். ஒரு பக்கம் கறுப்பாகுறதும் கேமரா கோளாறு இல்ல, சிங்க் ஸ்பீட (ஃப்ளாஷோட சேர்ந்து வேலை செய்யற அதிகபட்ச ஷட்டர் வேகம்) தாண்டினா ஃப்ளாஷ் அடிக்கிற நேரத்துல சென்சார் முழுசா தொறந்திருக்காது, அவ்ளோதான்.

சொட்ட நிறுத்துறது ஃப்ளாஷ் தான், அதுவும் கம்மி பவர்ல. நெறைய பேர் கோட்டை விடுறது இங்க தான். ஸ்பீட்லைட்ல (கேமரா மேல மாட்டுற தனி ஃப்ளாஷ்) பவர குறைச்சா முக்கியமா குறையறது அது எரியற நேரம். ஃபுல் பவர்ல 1/1000 நொடி, சில மாடல்ல அதவிட நீளம், அதுவே பவர 64ல ஒரு பங்குக்கு (1/64) வச்சீங்கன்னா ஏறக்குறைய 1/20,000 நொடி, அதுக்குள்ள சொட்டு நகர்றது 0.14 மி.மீ. தான். ஜன்னல சாத்தி லைட்ட அணைச்சுட்டு ஷட்டர் அதே 1/200, எஃப் 11 (லென்ஸ் துவாரம்), ஐஎஸ்ஓ 400 (சென்சார் உணர்திறன்)னு ஆரம்பிங்க. வெளிச்சம் பத்தலன்னு பவர மட்டும் ஏத்திடாதீங்க, ஃப்ளாஷ கழட்டி கிட்ட கொண்டு வாங்க (அதுக்கு தள்ளி இருக்க ஃப்ளாஷ கேமராலேர்ந்து அடிக்க வைக்கிற வயர்லெஸ் ட்ரிகர் ஒண்ணு வாங்கணும், செலவு பண்ணா இதுக்கு பண்ணுங்க, புது லென்ஸுக்கு வேணாம்). இன்னொண்ணு, ஃப்ளாஷ சொட்டு மேல அடிக்காம பின்னாடி ஒரு கலர் சார்ட் வச்சு அது மேல அடிங்க, அந்த கலர் தான் தண்ணிக்குள்ள தெரியும்.

கேள்வி: குழாய்ல சொட்டு விட்டா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி விழுது, ஃபோகஸும் நிக்க மாட்டேங்குது. (வாசகி, தென்காசி)

பதில்: மெடிக்கல் ஷாப்ல குளுக்கோஸ் ஏத்துற ட்யூப் செட் கேளுங்க, அதுல இருக்க சின்ன உருளைய தள்ளினா சொட்டு வேகம் உங்க கைல. மேல ஒரு ஸ்டாண்ட்ல அசையாம கட்டிடுங்க. ஆட்டோ ஃபோகஸ ஆஃப் பண்ணிட்டு, சொட்டு விழற எடத்துல பாத்திரத்துக்கு குறுக்க ஒரு பென்சில வைங்க, சொட்டு சரியா பென்சில் மேலயே விழணும், அந்த எடத்துக்கு மேனுவலா ஃபோகஸ் பண்ணி பென்சில எடுத்துடுங்க. பாத்திரத்துல தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்கணும், இல்லன்னா படத்துல ஓரம் தெரிஞ்சு அசிங்கமா இருக்கும்.

கேள்வி: கிரீடம் மாதிரி வர்றதுக்கும் குடை மாதிரி வர்றதுக்கும் என்ன ட்ரிக்? (வாசகர், கோவை)

பதில்: ரெண்டும் வேற வேற விஷயம். கிரீடம் வேணும்னா தட்டுல மெல்லிசா ஒரு படலம் போதும், பால் ஊத்தினா இன்னும் நல்லா தெரியும். அமெரிக்காவுல எம்ஐடி பேராசிரியர் ஹரால்டு எட்ஜெர்டன் 1957ல எடுத்த பேர் பெற்ற கிரீடப் படமும் பால் சொட்டு தான். தண்ணி ஆழமா இருந்தா முதல்ல குழி விழும், அது மூடும்போது நடுவுல ஒரு தூண் எழும்பும், அந்த தூண் தலைல அடுத்த சொட்டு வந்து மோதினா அது தான் குடை. ரெண்டு சொட்டுக்கும் நடுவுல சுமார் 100 மில்லிசெகண்ட் தான் இடைவெளி, கைல பண்ணா முழுக்க அதிர்ஷ்டம். இதுக்குன்னே எலக்ட்ரானிக் வால்வு விக்குறாங்க, ஆனா கிரீடமும் தூணும் கைக்கு வர்றதுக்கு முன்னாடி அத வாங்குறது வீண்னு தான் சொல்லுவேன். தண்ணில கொஞ்சம் கிளிசரின் கலந்தா தூண் சட்டுனு உடையாது.

கேள்வி: போன்ல முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: முடியும், ஆனா போன்ல இருக்க எல்ஈடி ஃப்ளாஷ மறந்துடுங்க, அது டார்ச் தான். உச்சி வெயில்ல மொட்டை மாடிக்கு போய் ப்ரோ மோட்ல ஷட்டர் 1/4000, சொட்ட 10 செ.மீ. உயரத்துலேர்ந்து மட்டும் விடுங்க, வேகம் பாதியாயிடும், பர்ஸ்ட்ல (விடாம தொடர்ந்து பல படமா) எடுத்துட்டு நல்லத பொறுக்கிக்கலாம். ட்யூப்லைட்டுக்கு கீழ வேணாம், நம்ம கரண்ட்ல அது நொடிக்கு 100 தடவ மினுங்கும், படத்துல பட்டை பட்டையா விழும்.