போராட்டக் களத்துக்குக் கைப்பேசியோடு போகலாமா? – கேள்வி பதில்

ஆர்ப்பாட்டம், பேரணி, உண்ணாவிரதம் என்று பொதுவெளியில் கூடுகிறவர்கள் கைப்பேசியைப் பற்றி அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு நமக்குத் தந்திருக்கும் உரிமை. அதைப் பயன்படுத்துகிறவர் தன்னுடைய தொடர்புப் பட்டியலையும் குடும்பப் படங்களையும் சேர்த்துப் பறிகொடுக்க வேண்டியதில்லை என்பதே என் நிலைப்பாடு. கேட்டவர்களின் பெயர்களை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, மதுரை: அண்ணா, லொக்கேஷனை அணைத்துவிட்டால் நான் எங்கே இருந்தேன் என்று யாருக்கும் தெரியாதுதானே?

தெரியும். நீங்கள் அணைப்பது செயலிகளுக்குக் கிடைக்கும் இருப்பிடத்தை மட்டும்தான். சிம் இயங்கும்வரை கைப்பேசி ஏதாவதொரு டவரோடு தொடர்பில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் உங்களுக்கு அழைப்பே வராது. ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு டவரைப் பயன்படுத்திய எண்களை எல்லாம் காவல்துறை மொத்தமாகக் கேட்டு வாங்குவதற்கு 'டவர் டம்ப்' என்று பெயர். முழக்கமிட்டவர், பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர், பேருந்துக்குக் காத்திருந்தவர் என்ற வேறுபாடு அந்தப் பட்டியலுக்குத் தெரியாது. அழைப்பு விவரங்களைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு உரிம நிபந்தனை 2021 டிசம்பரில் திருத்தப்பட்டது. ஆகவே, இன்று யாரும் கவனிக்கவில்லை என்பது மட்டும் போதிய ஆறுதல் ஆகாது.

டவரைப் போல நடித்துச் சுற்றியுள்ள கைப்பேசிகளைத் தன்னிடம் ஈர்க்கும் கருவிகளும் உண்டு. 2014 ஜனவரியில் உக்ரைன் தலைநகர் கீவில் மோதல் நடந்த இடத்துக்கு அருகே இருந்தவர்களின் கைப்பேசிகளுக்கு, 'அன்புள்ள சந்தாதாரரே, பெருங்கலவரத்தில் பங்கேற்றவராக நீங்கள் பதிவு செய்யப்பட்டிருக்கிறீர்கள்' என்ற பொருளில் குறுஞ்செய்தி வந்தது. தாங்கள் அனுப்பவில்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் மறுத்தன. போலி டவர் வழியாக வந்திருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. இத்தகைய கருவிகளில் பல, கைப்பேசியைப் பழைய 2ஜி இணைப்புக்கு இறக்கிவிட்டுத்தான் வேலை செய்கின்றன. ஆண்ட்ராய்டு 12க்குப் பின் வந்த பல கைப்பேசிகளில் 2ஜியை அணைத்துவைக்க சிம் அமைப்புகளில் வழி இருக்கிறது, இன்றே அணைத்துவிடுங்கள்.

ஏர்பிளேன் மோடு டவர் தொடர்பை நிறுத்தும். ஆனால் ஜிபிஎஸ் சமிக்ஞையைப் பெறுவது மட்டுமே, எதையும் அனுப்புவதில்லை என்பதால் அதிலும் இயங்கும், செயலிகள் இருப்பிடத்தைக் குறித்துவைத்துக்கொண்டு இணையம் வந்ததும் அனுப்பிவிடும். டவர் தொடர்பு, லொக்கேஷன் இரண்டையும் சேர்த்து அணையுங்கள். அதையும் வீட்டிலேயே செய்துவிட்டுக் கிளம்புங்கள். மைதானத்தின் வாசலில் நின்று அணைத்தால் கடைசிப் பதிவு அந்த வாசலாகவே இருக்கும்.

தொழிற்சங்க உறுப்பினர், திருப்பூர்: வேறு சிம் போட்டுக்கொண்டு போனால் போதாதா, தோழர்?

போதாது, தோழர். சிம் மாறினாலும் கருவிக்கே உரிய அடையாள எண்ணான ஐஎம்இஐ மாறுவதில்லை. இரண்டும் சேர்ந்தேதான் பதிவாகின்றன. மற்றொருவர் பெயரில் ஏமாற்றி சிம் வாங்குவதும் ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவதும் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி குற்றம். வழக்கே இல்லாத இடத்தில் நாமாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ள வேண்டாம்.

ஒரு தாய், தூத்துக்குடி: தம்பி, கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன் என்கிறான் என் மகன். எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது அந்தப் பயத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2018 மே 22 துப்பாக்கிச்சூட்டுக்கு மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கைப்பேசி கையில் இருந்தாலும் வாட்ஸ்ஆப்பை நம்பியிருக்க முடியாது என்பதற்கு அதுவே சான்று. உங்கள் எண்ணையும் ஒரு வழக்கறிஞரின் எண்ணையும் அழியாத மையால் மகனின் முன்கையில் எழுதிவிடுங்கள். எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், திரும்பாவிட்டால் யாரை முதலில் அழைப்பது என்று முன்பே பேசி வையுங்கள். எடுத்துச் சென்றுதான் ஆக வேண்டும் என்றால் படமோ வங்கிச் செயலியோ இல்லாத பட்டன் போன் நல்லது. டவர் பதிவு அதற்கும் உண்டு என்பதை மட்டும் மகன் தெரிந்துகொள்ளட்டும்.

புகைப்பட ஆர்வலர், சென்னை: கூட்டத்தைப் படமெடுத்துப் பகிர்வதில் என்ன ஆபத்து?

என் அனுபவத்தில், உளவுக் கருவியைவிட நம்முடைய படங்களே நம்மவரை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன. 2019 டிசம்பரில் ராம்லீலா மைதானக் கூட்டத்துக்கு வந்தவர்களை முகமறி மென்பொருள் கொண்டு டெல்லி காவல்துறை சோதித்ததாகச் செய்தி வந்தது. 2020 மார்ச்சில், டெல்லிக் கலவரம் தொடர்பாக 1,100க்கும் மேற்பட்டோர் அத்தகைய மென்பொருளால் அடையாளம் காணப்பட்டதாகவும், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமப் படங்கள் அதற்குப் பயன்பட்டதாகவும் உள்துறை அமைச்சர் மக்களவையிலேயே கூறினார்.

ஆகவே முடிந்தவரை பின்னாலிருந்து எடுங்கள். முகங்களை மங்கலாக்குவதைவிட ஒரே நிறக் கட்டத்தால் முழுவதுமாக மூடுவது உறுதியானது. முகத்தை மூடிவிட்டுக் கழுத்தில் தொங்கும் கல்லூரி அட்டையையும் பின்னால் நிற்கும் பைக்கின் எண்ணையும் பலர் மறந்துவிடுகிறார்கள். படக்கோப்புக்குள் எடுத்த நேரமும் இடமும் ஒளிந்திருக்கும். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பினால் அவை நீங்கும், டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

ஆனால் தடியடியையோ அத்துமீறலையோ எடுத்த காணொளி சாட்சியம், அதில் கைவைக்காதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவு கேட்கும் சான்றிதழில் கோப்பின் ஹாஷ் மதிப்பும், அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீடும், குறிக்கப்பட வேண்டும். ஒரு நொடியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும். மூலக்கோப்பைத் தனியே பத்திரப்படுத்திவிட்டு, பகிர்வதற்கென்று வேறொரு நகலில் முகங்களை மூடுங்கள்.

சட்ட மாணவர், திருச்சி: காவலர் கைப்பேசியைத் திறக்கச் சொன்னால் திறக்கத்தான் வேண்டுமா?

நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. காவலர் தாமாகவே கட்டாயப்படுத்த முடியாது, நீதிமன்ற உத்தரவு வேண்டும், உத்தரவு வந்தால் தர வேண்டும் என்ற போக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கடவுச்சொல் சொல்லும்படி வற்புறுத்த முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2023இல் கூறியது. எனவே வாக்குவாதமும் வேண்டாம், பொய்யும் வேண்டாம். "என் வழக்கறிஞரோடு பேசிய பிறகு சொல்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். கைப்பற்றினால் அதற்கான மகசரின் (கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் ஆவணத்தின்) நகலைக் கேளுங்கள். தேடுதலையும் கைப்பற்றுதலையும் காணொளியாகப் பதிவுசெய்ய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆவது பிரிவு.

சட்ட விவாதம் எப்படிப் போனாலும், கைரேகையும் முகமும் கையைப் பிடித்து அழுத்தினாலோ முகத்துக்கு நேரே நீட்டினாலோ திறந்துவிடக்கூடியவை. கிளம்புமுன் இரண்டையும் நீக்கிவிட்டு 6 இலக்கத்துக்குக் குறையாத எண்ணை வையுங்கள். கூட்டம் கலைக்கப்படும் நிலை வந்தால் கைப்பேசியை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். அணைத்துப் போட்ட பின் முதல் முறை எண்ணை இடும்வரை உள்ளிருக்கும் பெரும்பாலான தகவல் பூட்டப்பட்டே இருக்கும் என்பதால், தகவல் உறிஞ்சும் கருவிகளுக்கு அந்த நிலையே மிகக் கடினமானது.

ஆசிரியர், நாகர்கோவில்: வாட்ஸ்ஆப், டெலிகிராம், சிக்னல் மூன்றில் எது?

சிக்னல். 2016இல் அமெரிக்க நீதித்துறை ஒரு கணக்கின் விவரம் கேட்டபோது, கணக்குத் தொடங்கிய நாளும் கடைசியாக இணைந்த நாளும் தவிர சிக்னல் நிறுவனத்திடம் தருவதற்கு எதுவும் இல்லை. வாட்ஸ்ஆப்பிலும் செய்தி மறையாக்கப்பட்டதுதான், அதாவது அனுப்பியவரும் பெறுபவரும் தவிர யாரும் படிக்க முடியாது. ஆனால் யார் யாரோடு எப்போது பேசினார் என்பது நிறுவனத்துக்குத் தெரியும். டெலிகிராமின் குழுக்களில் முழு மறையாக்கம் கிடையாது. எந்தச் செயலியானாலும் 200 பேர் உள்ள குழுவில் எழுதுவது மேடையில் பேசுவதற்குச் சமம். தானாக அழியும் செய்திகளை இயக்கினாலும் ஒருவர் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டைத் தடுக்க முடியாது.

காவல்துறையிடம் கைப்பேசியைப் பறிகொடுத்தவர், கோவை: இரண்டு மாதம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. வழக்கு நிலுவையில் இருந்தால், எதையும் அழிக்குமுன் உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். சாட்சியத்தை அழித்ததாகப் பழி வரக்கூடாது. அதுவரை கைப்பேசியை அணைத்தே வையுங்கள். மின்னஞ்சல், வங்கி, சமூக ஊடகக் கடவுச்சொற்களை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். புதிய கருவியில் வாட்ஸ்ஆப்பைத் தொடங்கியதும் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினி எதுவும் அங்கே இருந்தால், முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு, அதன் பிறகு நீக்குங்கள்.