காரணம் காட்டித் தோற்கடிக்கட்டும்

(கம்ப்யூட்டர் கேம்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும், முப்பது வருடமாக மவுஸைக் கீழே வைக்காத ஒரு ஆசாமியின் பதில்களும்)

ஸ்ட்ராட்டஜி கேம், அட்வென்ச்சர் கேம்: இரண்டில் உங்களுக்கு எது நெருக்கம்?
– கல்லூரி மாணவி ஒருவர்

ஸ்ட்ராட்டஜி என்றால் திட்டம் போட்டுப் படை நடத்துவது, அட்வென்ச்சர் என்றால் கதைக்குள் புதிர் அவிழ்ப்பது. ஸ்ட்ராட்டஜியில் தோற்றால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிடுவேன். அட்வென்ச்சரில் மாட்டிக்கொண்டால் பல் தேய்க்கும்போதும் அந்தப் பூட்டிய கதவுதான் கண்ணில் நிற்கும். இரண்டும் பிடிக்கும். இரண்டிடமும் நான் கேட்பது ஒன்றே ஒன்று. என்னைத் தோற்கடி, சிக்க வை, பரவாயில்லை. ஏன் தோற்றேன் என்பது பிறகாவது எனக்குப் புரிய வேண்டும். இதில் மட்டும் நான் கறார்.

வேற்றுக்கிரகவாசிகளோடு மாறிமாறிச் சண்டைபோடும் எக்ஸ்காம் கேம் ஆடுகிறேன். குண்டு படும் வாய்ப்பு 95 சதவீதம் என்று காட்டுகிறது, சுடுகிறேன், தவறுகிறது. கேம் ஏமாற்றுகிறதா?
– இரவுப் பணிக்காரர்

வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார்கள். 95 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று தவறும் என்றுதான் அர்த்தம். நம் மனசு அதைக் 'கண்டிப்பாகப் படும்' என்று வாசிக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 95 சதவீத வாய்ப்பில் 14 தடவை சுட்டால், ஒன்றாவது தவறுவதற்கு வாய்ப்பு பாதிக்கு மேல். பட்ட பதின்மூன்றை மறந்துவிடுவோம், தவறிய ஒன்றை மூன்று நாள் பேசுவோம்.

உண்மையில் எக்ஸ்காம் 2 (2016) ஏமாற்றத்தான் செய்கிறது, ஆனால் உங்களுக்குச் சாதகமாக. எளிய நிலைகளில் ஆடும்போது, அடுத்தடுத்துத் தவறவிட்டால் உங்கள் வாய்ப்பைத் திரைக்குப் பின்னால் கொஞ்சம் ஏற்றிவிடும். திரையில் தெரிகிற எண் ஒன்று, உள்ளே ஓடுகிற எண் வேறொன்று. கருணைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதையே பழகிவிட்டு மேல்நிலைக்குப் போகிறவர், உண்மையான 85 சதவீதம் தவறுவதைப் பார்த்து 'கேம் மோசம்' என்கிறார்.

இந்த கேமில் வீரர்களுக்கு நாமே பெயர் வைக்கலாம். நான் வீட்டார் பெயர்களை வைத்தேன். அது தப்பு. பாதி மறைவில் நின்ற வேற்றுக்கிரகவாசியைச் சுட அண்ணன் பெயர் கொண்ட வீரரைத் திறந்தவெளிக்கு ஓடவிட்டேன். தவறியது. அடுத்து எதிரியின் முறை (டர்ன்) வந்ததும் 'அண்ணன்' போய்ச் சேர்ந்தார். நிஜ அண்ணன் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "95ஐ நம்பினது தப்பில்லை, தவறினால் எங்கே ஒளிவது என்று யோசிக்காததுதான் தப்பு" என்றார். இறந்தவரே வந்து விளக்கம் சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து நான் முதலில் கையெறி குண்டு வீசுகிறேன். அது தவறாது, எதிரியின் மறைவையும் உடைத்துவிடும். அதற்கப்புறம்தான் துப்பாக்கி.

சதவீதமே ஒத்துவராது என்றால் 2018இல் வந்த 'இன்டு த பிரீச்' ஆடிப் பாருங்கள். எட்டுக்கு எட்டுக் கட்டம். அடுத்து எந்த எதிரி எங்கே அடிக்கப்போகிறான் என்று முன்கூட்டியே காட்டிவிடும். நம் அடி ஒருபோதும் தவறாது. அடிப்பதைவிட, எதிரியைத் தள்ளி அவன் அடியை இன்னொரு எதிரி மேல் விழவைப்பதுதான் அதில் வேலை. தோற்றால் யாரையும் திட்ட முடியாது, எரிச்சலாக இருக்கும்.

சேவ் செய்து, தவறினால் லோடு செய்து மறுபடி சுடுவது ஏமாற்றுத்தானே?

உங்கள் கம்ப்யூட்டர், உங்கள் ஞாயிற்றுக்கிழமை. ஆனால் 2012 எக்ஸ்காமில் அது வேகாது. சேவ் ஃபைலோடு கேம் உள்ளுக்குள் உருட்டும் பகடையின் அடுத்த உருட்டலும் சேர்ந்தே பதிவாகிவிடும். அதே வீரர் அதே சூட்டைச் சுட்டால் அதே முடிவுதான். வேறு வரிசையில் ஆடினால்தான் மாறும். திருடவந்தவனையும் உட்கார்ந்து யோசிக்கவைக்கிறது.

நகரம் அமைத்து நாடு வளர்க்கும் சிவிலைசேஷன் கேமில் கடைசிக் கடின நிலையில் கம்ப்யூட்டர் அபாரமாக யோசிக்கிறது. எப்படி?
– பதினோராம் வகுப்பு

யோசிப்பதெல்லாம் இல்லை தம்பி. அதற்குக் கையில் நிறையக் கொடுத்து அனுப்புகிறார்கள். டெய்ட்டி என்ற அந்தக் கடைசி நிலையில் நீங்கள் ஒரு நகரம் அமைத்துக்கொண்டிருக்கும்போதே, எதிரிகள் கூடுதல் குடியேறிகளோடும் படைவீரர்களோடும் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். உற்பத்தியிலும் அறிவியலிலும் சலுகை வேறு. கீழ்நிலையில் இருந்த அதே மூளைதான், இப்போது பணக்கார மூளை.

இது எனக்கு ஏற்புடையதே. எவ்வளவு சலுகை என்று வெளிப்படையாகத் தெரிகிறது, யாரும் ஒளிக்கவில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. நான்காம் பாகம் வரை (2005) ஒரே கட்டத்தில் எத்தனை படைகளையும் அடுக்கலாம். அழகில்லைதான், ஆனால் கம்ப்யூட்டருக்கு அது கைவந்தது. பெரிய மூட்டையாகக் கட்டி நம் வாசலில் கொண்டுவந்து இறக்கும். ஐந்தாம் பாகத்தில் (2010) அறுகோணக் கட்டம் வந்தது, கட்டத்துக்கு ஒரு படை என்ற விதியும் வந்தது. மனிதருக்கு அது விருந்து, கம்ப்யூட்டருக்குப் போக்குவரத்து நெரிசல். வில்லாளர்களை முன்னால் விட்டு, வாள்வீரர்களைப் பின்னால் வரிசையில் நிறுத்திவிட்டுத் திணறும். மூன்று வில்படைகளும் ஒரு மலைக்கணவாயும் கையில் இருந்தால் எந்தச் சக்கரவர்த்தியையும் நிறுத்திவிடலாம். அப்படி வென்ற ஆட்டங்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

அதே சிவிலைசேஷன். அதில் இந்தியாவின் தலைவராக வரும் காந்தி அணுகுண்டு போடுவது ஒரு பிழையால் வந்ததாமே?

நானும் பத்து வருடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான். கதை இப்படி: 1991இல் வந்த முதல் பாகத்தில் காந்தியின் ஆக்ரோஷ அளவு 1. ஜனநாயகத்துக்கு மாறினால் அதில் 2 குறைய வேண்டும். எண் பூஜ்யத்துக்குக் கீழே போகத் தெரியாமல் சுற்றிவந்து உச்ச எண்ணான 255 ஆகிவிட்டது. சாது வெறிபிடித்தவராகிவிட்டார்.

கேட்க அவ்வளவு நன்றாக இருப்பதாலேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். கேமை உருவாக்கிய சிட் மெயரே 2020இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில், அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். அந்த முதல் பாகத்தில் எல்லாத் தலைவர்களும் அணுஆயுதம் கிடைத்தவுடன் ஒரே மிரட்டல் வசனத்தைத்தான் பேசுவார்கள். காந்தி வாயில் அதைக் கேட்டதும் நமக்குத் தூக்கிவாரிப்போட்டது, அவ்வளவுதான். ஐந்தாம் பாகத்தில்தான் வேண்டுமென்றே, வேடிக்கைக்காக, காந்தியின் அணுஆயுத ஆசையை அளவுகோலையும் தாண்டி வைத்தார்கள். பத்துக்குப் பன்னிரண்டு!

ஊர் கட்டிப் படை திரட்டும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேமில் ஆசையாகத் திராவிடர்களை எடுக்கிறேன், எடுத்தாலே தோல்வி. என்ன செய்யலாம்?

2022இல் 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' என்ற கூடுதல் தொகுப்பு வந்தபோது நானும் அந்தப் பெயரைப் பார்த்ததுமே எடுத்தேன். ராஜேந்திரனின் கதைத்தொடர், உருமி வீரர், திரிசடை என்ற பெருங்கப்பல்! நாலு ஆட்டம் வரிசையாக உதை வாங்கினேன். காரணம் எளிது. மற்ற அணிகளில் பழகிய கையோடு குதிரைவீரர்களைத் தேடினேன். இவர்களுக்கு நைட் என்ற கவசக் குதிரைப்படையே கிடையாது. இல்லாததைத் தேடாதீர்கள். தண்ணீர் இருக்கும் வரைபடமாக எடுங்கள். ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் இனாமாகக் கிடைக்கும் 200 மரத்தை அன்றைக்கே செலவழியுங்கள், கையில் வைத்துக்கொண்டு ரசிக்க வேண்டாம். காலாட்படையை நம்புங்கள்.

இன்னொன்று, எந்த அணிக்கும் பொருந்துவது. ஒரு கிராமவாசி உருவாக 25 விநாடி, 50 உணவு. ஆட்டம் முடிந்து ரீப்ளேயைப் பாருங்கள், கிராமவாசிகளை உருவாக்கும் உங்கள் நகரமையம் எத்தனை நிமிடம் சும்மா நின்றது என்று எண்ணுங்கள். என் முதல் கணக்கில் நாலு நிமிடம் வந்தது. ஏறக்குறைய பத்துப் பேர், பிறக்காமலே போனவர்கள். போர்க்களத்தில் தோற்றதாக நினைத்திருந்தேன், நான் தோற்றது ஏழாவது நிமிடத்தில்.

நிற்காமல் ஓடும் ஸ்ட்ராட்டஜி கேமான ஸ்டார்கிராஃப்டின் வீரர்கள் நிமிடத்துக்கு முந்நூறு முறை கீபோர்டும் மவுஸும் தட்டுகிறார்களாமே?

தட்டுகிறார்கள். என் மணிக்கட்டு நாற்பதுக்கு மேல் ஒத்துழைப்பதில்லை. மாறிமாறி நிதானமாக ஆடும் டர்ன் முறை கேம்கள் மேல் எனக்குள்ள காதலில் பாதி வைத்தியக் காரணம்.

நீங்கள் பார்த்ததிலேயே அநியாயமான புதிர் எது?
– பெயர் வேண்டாம் என்றவர்

அட்வென்ச்சர் கேம்களில் பட்டியலே இருக்கிறது, கோபம் ஆறாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

'கிங்ஸ் குவெஸ்ட்' (1984): ஒரு குள்ளனின் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும். 'சில சமயம் பின்னோக்கி யோசிப்பது நல்லது' என்று ஒரு குறிப்பு கிடைக்கும். ஐரோப்பிய நாட்டுப்புறக் கதை தெரிந்தவருக்கு ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் என்று பொறிதட்டும். சரி, பெயரைக் கடைசி எழுத்திலிருந்து எழுதினால்? தப்பு. அகரவரிசையையே தலைகீழாக்கி, ஏ வரும் இடத்தில் இசட், பி வரும் இடத்தில் ஒய் என்று மாற்றி எழுத வேண்டும். குறிப்பைப் புரிந்துகொண்டவரையும் அடிப்பது என்ன நியாயம்?

அதன் ஐந்தாம் பாகம் இன்னும் கொடுமை. மலையில் பசிக்கும். கையில் இருக்கும் கஸ்டர்ட் பலகாரத்தைத் தின்றால் பசி போகும், கேமும் பேசாமல் தொடரும். கொஞ்சநேரம் கழித்து ஒரு பனிமனிதன் வருவான். அவன் முகத்தில் எறியவேண்டியது அந்தப் பலகாரத்தைத்தான். எங்கே தவறினோம் என்றே தெரியாமல் செத்துக்கொண்டிருப்போம். புதிர் என்று நான் இதைச் சொல்லமாட்டேன், பழிவாங்கல் என்பேன்.

மூன்றாவது, எனக்கு ரொம்பப் பிடித்த கேமிலேயே இருக்கிறது. 'மங்கி ஐலண்ட் 2' (1991). அருவிக்கு மேலே ஒரு தண்ணீர்ப் பம்ப், அதன் திருகை முறுக்க வேண்டும். ஸ்பேனர் எங்கும் இல்லை. அண்ணன் மவுஸ், நான் நோட்டு, பக்கத்தில் தடித்த ஆங்கில அகராதி. இப்படித்தான் நாங்கள் ஆடுவோம். பத்து நாள் அலைந்தோம். விடை: பியானோ வாசிக்கும் குரங்கை வாழைப்பழத்தைக் காட்டி மயக்கி, விறைத்துப்போன அந்தக் குரங்கையே ஸ்பேனராகப் பயன்படுத்த வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவகைத் திருகுகருவிக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயராம். சிலேடை! அந்தச் சொல்லைக் கேட்டே இராதவர் நூறு வருடம் யோசித்தாலும் அங்கே போய்ச் சேரமாட்டார். ஆங்கிலம் பேசும் நாடுகளிலேயே அதை ஸ்பேனர் என்று மட்டும் அறிந்தவர்கள் எங்களைப் போலத்தான் விழித்தார்கள் என்று பின்னால் தெரிந்து அற்பசந்தோஷம் அடைந்தேன்.

வாக்த்ரூ (விடைகளைப் படிப்படியாகச் சொல்லும் வழிகாட்டி) பார்த்து ஆடினால் அது ஆட்டமா?

முழு வாக்த்ரூ வேண்டாம், பாதி போதும். இன்ஃபோகாம் என்ற நிறுவனம் அந்தக் காலத்தில் எழுத்து வடிவ கேம்களுக்குக் குறிப்புப் புத்தகம் விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும், கூடவே வரும் பேனாவால் தேய்த்தால் தெரியும். முதல் வரியில் லேசான ஜாடை, அடுத்ததில் இன்னும் கொஞ்சம், கடைசியில் விடை. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடக் கூடாது என்று நடுவில் பொய்க் கேள்விகளையும் கலந்திருப்பார்கள். குறிப்பு என்றால் இப்படி இருக்க வேண்டும். எழுதியவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து, போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்கிற மாதிரி.

ஓய்வுபெற்ற ஆசிரியன் நான். கை வேகம் கிடையாது. எனக்கு ஒரு கேம் சொல்லுங்கள்.

'ரிட்டர்ன் ஆஃப் த ஓப்ரா டின்'. 2018இல் லூகாஸ் போப் என்பவர் உருவாக்கியது. காணாமல்போன கப்பல் 1807இல் ஆளில்லாமல் கரைக்கு வருகிறது. நீங்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேர் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன ஆயிற்று என்று ஏட்டில் நிரப்ப வேண்டும். பேச்சின் சாயல், உடை, யாருடன் யார் நிற்கிறார் என்பதெல்லாம் துப்பு. ஒவ்வொரு விடையையும் உடனே சரி, தப்பு என்று சொல்லாது. மூன்று பேரின் கதி முழுதாகச் சரியானால்தான் அச்சாக்கி உறுதிசெய்யும். குருட்டாம்போக்கில் நிரப்புகிறவர் களைத்துப்போவார். விடைத்தாள் திருத்திய கைக்கு அந்த ஏடு பிடித்துப்போகும், சார்.

நீங்கள் இன்னும் முடிக்காத கேம்?

'ரிவென்' என்ற அட்வென்ச்சர் கேம், 1997. ஐந்து சிடிகள். தீவுகளில் அலைந்து, அந்த மக்களின் எண்களைக் கற்க வேண்டும். யாரும் சொல்லித்தர மாட்டார்கள். குழந்தைகளின் வகுப்பறையில் ஒரு பொம்மை இருக்கும், அதை ஆட்டி ஆட்டி அவர்களின் பிள்ளைகள் கற்ற மாதிரியே நாமும் கற்கிறோம். நான் பார்த்ததிலேயே நேர்மையான பாடம் அது.

கடைசிக்குப் பக்கத்தில் ஒரு பலகை: ஆறு நிறக் கோலிகள், ஐந்து மட்டும் வேண்டும், சரியான குழிகளில் வைக்க வேண்டும். அங்கே நின்றோம். பிறகு அண்ணன் வேலைக்குப் போய்விட்டார். 2024இல் கேமைப் புதிதாகச் செய்து வெளியிட்டார்கள், புதிர்களையும் மாற்றிவிட்டார்கள். வாங்கி வைத்திருக்கிறேன், திறக்கவில்லை, பழைய பாக்கி இருக்கிறது. போன மாதம் அண்ணன் பேசும்போது அந்த நோட்டு இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது. எந்தக் கோலி வேண்டாதது என்பதில் அவர் நீலம் என்கிறார், என் நோட்டில் மஞ்சள் என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறது.