எலும்பும் தோலுமாக வந்த நாய் உடம்பு தேற: சில கேள்விகள், பதில்கள்

தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ நாயை எடுத்து வந்து வளர்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவர்கள் 'என்ன கொடுக்கலாம்?' என்றுதான் கேட்கிறார்கள். அது ஏன் இளைத்தது, இப்போது எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

சாலையோரம் சுருண்டு கிடந்த நாயைத் தூக்கி வந்தோம். முதுகெலும்பு வரை தெரிகிறது. வயிறு நிறையச் சாப்பாடு போடலாமா? (வாசகி, வேலூர்)

வேண்டாம். பல நாள் பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று நிறையச் சாப்பாடு போனால் இன்சுலின் கூடும். ரத்தத்தில் இருக்கிற பாஸ்பரஸும் பொட்டாசியமும் செல்களுக்குள் இழுக்கப்பட்டு, அவற்றின் அளவு சரசரவென்று இறங்கிவிடும். தசை தளரும், வலிப்பு வரலாம், இதயமே நின்றுபோகலாம். பட்டினியில் தப்பித்த நாய், சாப்பாடு கிடைத்த பிறகு இரண்டு மூன்று நாளில் இறந்துபோவது இப்படித்தான்.

'பாவம், வயிறு காய்ந்து கிடக்கிறது' என்று பலர் கஞ்சியாகக் காய்ச்சி ஊற்றுகிறார்கள். இன்சுலினை அதிகம் தூண்டுவது மாவுச்சத்துதான். அதனால் முதல் சில நாட்கள் எலும்பு நீக்கிய வேகவைத்த கோழியும் முட்டையும் கூடுதலாகவும், சாதம் கொஞ்சமாகவும் இருக்கட்டும்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. நாயின் இப்போதைய எடையை 30 ஆல் பெருக்கி 70 கூட்டுங்கள். 10 கிலோ நாய்க்கு 370 கலோரி வரும். சும்மா படுத்திருக்கவே ஒரு நாளைக்கு அவ்வளவு தேவை. உங்கள் நாய் மாதிரி மிகவும் மெலிந்ததற்கு முதல் நாள் அதில் கால் பங்கு போதும், அதாவது 90 கலோரி சொச்சம். ஒரு வேகவைத்த முட்டையிலேயே ஏறக்குறைய 70 கலோரி இருக்கிறது என்றால் எவ்வளவு கொஞ்சம் என்று பாருங்கள். அதையும் நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுத்து, நாலைந்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள். அது தட்டை நக்கி முடித்துவிட்டு உங்கள் முகத்தையே பார்க்கும். மனசைக் கல்லாக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அப்புறம், மலம் இளகாமல் கெட்டியாகவே போய்க்கொண்டிருந்தால் வாரா வாரம் அளவைக் கூட்டலாம்.

எழுந்து நிற்கவே முடியாத நாயை மட்டும் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். அதற்கு ரத்தப் பரிசோதனையும் மருத்துவமனைக் கவனிப்பும் தேவை.

சாதத்தைத் துப்பிவிட்டுக் கறியை மட்டும் பொறுக்கிச் சாப்பிடுகிறது. சில வேளை அதையும் தொடுவதில்லை. (வாசகர், கோவை)

கறியைத் துண்டாகப் போடாதீர்கள். நார் நாராகப் பிய்த்து, உப்பும் மசாலாவும் போடாமல் கறி வெந்த தண்ணீரையும் சேர்த்து, சாதத்தோடு கையால் பிசைந்துவிடுங்கள். வெதுவெதுப்பாக வையுங்கள், வாசனை நன்றாக எழும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாப்பாட்டை முகர்ந்துவிட்டு நகர்கிற நாய், அதையே சூடாக்கி வைத்தால் சாப்பிடும்.

தினமும் ஒரே நேரத்தில் வையுங்கள். 20 நிமிடம் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். சாதம் வேண்டாமா, இந்தா முட்டை, அதுவும் வேண்டாமா, இந்தா பிஸ்கட் என்று போனால், காத்திருந்தால் இதைவிட நல்லது வரும் என்று அது சீக்கிரமே கற்றுக்கொள்ளும். நடுவில் டீயோடு கொடுக்கிற பொறையும் பசியைக் கெடுக்கும். ஆனால் இந்தக் கண்டிப்பு, ஓரளவு தேறிய, ஆரோக்கியமான பெரிய நாய்க்கு மட்டும்தான். மெலிந்த நாயையும் குட்டியையும் பட்டினி போட்டுப் பழக்கக் கூடாது. பெரிய நாயே ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

இன்னொன்று, அடம் என்று நாம் நினைப்பது பல நேரம் பயம்தான். தெருவில் அடிபட்டே சாப்பிட்டுப் பழகிய நாய், வீட்டார் நடமாடும் இடத்தில் தலையைக் குனியத் தயங்கும். கழுத்துச் சங்கிலி எவர்சில்வர் கிண்ணத்தில் 'ணங்' என்று பட்டதும் பின்வாங்கி, அதன்பிறகு கிண்ணத்தின் பக்கமே வராத நாய்களை நிறையப் பார்க்கிறேன். சங்கிலியைக் கழற்றிவிடுங்கள். வழுக்காத பாத்திரத்தில், சுவரோரமாக, அது அறையைப் பார்த்தபடி சாப்பிடுகிற மாதிரி வைத்துவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள். புது வீட்டில் முதல் சில நாள் சரியாகச் சாப்பிடாதது சகஜம்.

பூச்சி மருந்து கொடுத்தாயிற்று. நன்றாகவே சாப்பிடுகிறது. எடை மட்டும் ஏறவில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பூச்சி மருந்து ஒரு தடவை கொடுத்தால் போதாது. எடைக்குத் தகுந்த அளவில், மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் கொடுக்க வேண்டும். ஆசனவாயைச் சுற்றியோ மலத்திலோ அரிசி மணி போல ஒட்டியிருந்தால் அது நாடாப்புழு. அதற்கு பிராசிக்வான்டெல் சேர்ந்த மாத்திரை வேண்டும். அது தெள்ளுப்பூச்சி மூலம் பரவுவதால் தெள்ளையும் ஒழித்தாக வேண்டும்.

அடுத்து உண்ணி. நம் ஊரில் மீட்கப்படும் நாய் தேறாவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலைத்தான். எர்லிச்சியா, பேபீசியா கிருமிகள் உண்ணி கடித்துப் பரவுபவை. காய்ச்சல் விட்டுவிட்டு வரலாம், வெளியே ஒன்றும் தெரியாமலும் இருக்கலாம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறியிருந்தால் ரத்தசோகை. மூக்கில் ரத்தம் கசிந்தால் அன்றைக்கே கொண்டுபோங்கள். எர்லிச்சியாவுக்கு டாக்சிசைக்ளின் வழக்கமாக 28 நாள் கொடுப்போம். நாலு நாளில் நாய் துள்ளுகிறதே என்று பாதியில் நிறுத்தக் கூடாது.

அள்ளி அள்ளிச் சாப்பிட்டும் இளைத்து, மலம் வெளிறி, பிசுபிசுவென்று நிறையப் போனால், கணையத்தில் செரிமான நொதி சுரக்காத கோளாறாக இருக்கலாம். அதற்கு நொதியைச் சாப்பாட்டோடு கலந்து கொடுக்க வேண்டும். மலப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் முதலில் நடக்கட்டும். உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பால், நெய், நாங்கள் குடிக்கிற புரோட்டீன் பவுடர் கொடுக்கலாமா? (வாசகி, சென்னை)

வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, பேதியாகும். தயிர் கொஞ்சம் கொடுக்கலாம். நெய் அரை ஸ்பூனுக்கு மேல் போகாதீர்கள். கொழுப்பு திடீரென்று கூடினால் கணையம் வீங்கும். புரோட்டீன் பவுடர் வேண்டவே வேண்டாம். அதில் சாக்லேட்டோ சைலிட்டால் இனிப்போ இருந்தால் நாய்க்கு விஷம். வெங்காயம், பூண்டு சேர்ந்த பிரியாணி, சாம்பார் சாதம், அப்புறம் திராட்சை, வேகவைத்த எலும்பு எதுவும் கூடாது. வெறும் கறியும் சாதமும் மாதக்கணக்கில் கொடுத்தால் கால்சியம் குறையும். அதை எப்படி ஈடுகட்டுவது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

எங்கள் சிப்பிப்பாறை நன்றாக ஓடுகிறது, சாப்பிடுகிறது. விலா எலும்பு தெரிவதால் பட்டினி போடுகிறோம் என்று எல்லோரும் திட்டுகிறார்கள். (வாசகர், கோவில்பட்டி)

சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதற்கான உடல்வாகு கொண்ட நாய் இனங்கள். கடைசி ஓரிரு விலா எலும்பு தெரிவது அவற்றுக்கு இயல்பு. தொடைச் சதை திரண்டு, ரோமம் மினுமினுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைக் குண்டாக்க முயல வேண்டாம். சந்தேகமாக இருந்தால் விலாவைத் தடவிப் பாருங்கள். விரல்களை நீட்டிய புறங்கை மாதிரி இருந்தால் சரி. மூடிய முஷ்டியின் கணு மாதிரி துருத்தினால்தான் கவலை.

தெருவில் எடுத்த இரண்டு மாதக் குட்டி நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, வாந்தி எடுக்கிறது. (வாசகி, திருச்சி)

இதை அடம் என்று விட்டுவிடாதீர்கள். தடுப்பூசி போடாத குட்டிக்குப் பார்வோ வைரஸாக இருக்கலாம். ரத்தபேதி தொடங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், துணியில் சுற்றிச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். குட்டி இருந்த இடத்தைக் கழுவிவிட்டு, தண்ணீர் கலந்த பிளீச்சால் துடையுங்கள். அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத வேறு குட்டியை அங்கே கொண்டுவராதீர்கள்.