ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் உரிமைப் போராட்டம் 1967 வாக்கெடுப்பில்தான் தொடங்கியதா?

இல்லை. பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கவும், அவர்களுக்காக மத்திய அரசு சட்டமியற்றவும் வழிசெய்யும் அரசமைப்புத் திருத்தத்துக்கு அவ்வாக்கெடுப்பில் 90 விழுக்காட்டினருக்கும் மேல் ஆதரவளித்தது, பழங்குடியினரே பல்லாண்டுகள் நடத்திய போராட்டத்தின் விளைச்சல். யோர்ட்டா யோர்ட்டா இனத்து முதியவர் வில்லியம் கூப்பர், நாடாளுமன்றத்தில் தம் மக்களுக்குப் பிரதிநிதித்துவம் கேட்டு பிரிட்டிஷ் மன்னருக்கு எழுதிய மனுவுக்கு 1,814 கையொப்பங்களைத் திரட்டினார். ஆஸ்திரேலிய அரசோ அதை லண்டனுக்கு அனுப்பவே மறுத்தது.

வெள்ளையர் குடியேறிய 150-ஆம் ஆண்டை சிட்னி கொண்டாடிய 1938 ஜனவரி 26 அன்று, ஏறத்தாழ நூறு பழங்குடியினர் கறுப்புடை அணிந்து, ஓர் அரங்கின் பின்வாசல் வழியே உள்ளே சென்று, துக்க நாள் கடைப்பிடித்து, முழுக் குடியுரிமை கோரித் தீர்மானம் நிறைவேற்றினர். தம் சொந்த மண்ணில் பின்வாசல்! பொதுச் சமூகத்தின் மனம் மிக மெதுவாகவே மாறியது: 1965-இல்கூட, மோரி நகர நீச்சல் குளத்தில் பழங்குடிச் சிறுவர்களை அனுமதிக்கக் கோரி, பழங்குடி இளைஞர் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் மாணவர்கள் பேருந்தில் சென்று போராட வேண்டியிருந்தது.