லைசென்ஸ் எடுத்தால் மட்டும் போதாது தம்பி

ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம், கோடையில் நண்பர்களோடு ஏரிக்கரைக்குப் போய் மீன் பிடித்துச் சமைக்க ஆசை, என்ன தூண்டில் வாங்கலாம், பார்க்கில் அடுப்பு மூட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி. "குடும்ப மீன்பிடி நாட்களில் யாரும் லைசென்ஸ் இல்லாமல் பிடிக்கலாம் என்று கூட இருக்கும் அண்ணா சொல்கிறார், உண்மையா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் கடைசிக் கேள்வியைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

உண்மைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. ஒன்ராறியோவின் இலவச நாட்கள் கனடாவில் வசிப்பவர்களுக்கு மட்டும். மீன்பிடிச் சட்டத்தின் கண்ணில் நீங்கள் இன்னும் அந்தக் கணக்கில் வரவில்லை. கையில் பிஆர் என்ற நிரந்தர வதிவிட உரிமை இருக்கிறதா, ஸ்டடி பெர்மிட் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பதில்லை. நிரந்தர வீடு இங்கே இருக்க வேண்டும், கடந்த 12 மாதத்தில் குறைந்தது 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை வெளிநாட்டவருக்கான லைசென்ஸ்தான், கட்டணமும் கூட. ஒருநாள் ஆசைக்கு ஒருநாள் லைசென்ஸ் போதும், அதற்கு மற்ற லைசென்ஸ்களோடு கேட்கும் அவுட்டோர்ஸ் காட் என்ற மாகாண அட்டை தேவையில்லை.

65 வயதானவர்களுக்கு லைசென்ஸ் வேண்டாம் என்பதும் இதே மாதிரித்தான். விசிட் விசாவில் கோடைக்கு வரும் அப்பாவைக் கூட்டிக்கொண்டுபோய் அவர் கையில் தூண்டிலைக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்! அந்தச் சலுகை அவருக்குக் கிடையாது. பாவம், அந்த மனிதர் அதிகாரியின் முன்னால் கைகட்டி நிற்பதைப் பார்க்கவே பொறுக்காது.

சரி, லைசென்ஸ் எடுத்துவிட்டீர்கள். நம் ஆட்கள் பெரும்பாலும் மாட்டுவது அதற்கு அப்புறம்தான். சிம்கோ ஏரியில், முழு எண்ணிக்கைக்கான ஸ்போர்ட் லைசென்ஸுக்கு 50 பெர்ச் மீன் வரை வைத்திருக்கலாம் என்றால், அது ஒரு நாள் கணக்கு மட்டும் இல்லை. கூலரில் இருப்பது, காரில் இருப்பது, வீட்டு ஃப்ரீசரில் இருப்பது எல்லாம் சேர்த்துத்தான் 50. போன சனிக்கிழமை பிடித்த 40 ஃப்ரீசரில் கிடந்தால், இந்தச் சனிக்கிழமை உங்களுக்கு மிச்சம் 10. பிடித்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தாலும் அன்றைய கணக்கில் அது உங்கள் மீன்தான்.

கரையிலேயே தோலுரித்துக் கறித்துண்டாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவதும் கூடாது. கொண்டுபோகும் மீன் என்ன இனம், எத்தனை என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். அதனால் வெட்டினாலும் துண்டில் கொஞ்சம் தோலை விட்டு வையுங்கள். முழு மீனாகவே வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டுவது இன்னும் நல்லது.

அடுத்தது காலம். பாஸ் மீனுக்கு வசந்தத்தில் தடை இருக்கும். ஏன் என்று கண்ணாலேயே பார்க்கலாம். மே கடைசி, ஜூன் தொடக்கத்தில் தெளிந்த தண்ணீரில் கரையோரமாகப் பாருங்கள். சரளைக்கல் தரையில் வெளிறிய வட்டம் ஒன்று தெரியும். ஆண் பாஸ் தன் வாலால் விசிறித் துப்புரவாக்கிய கூடு அது. பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். ஆண்தான் அசையாமல் அதன் மேல் நிற்கும், கிட்டே வருவது எதுவானாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டிலையும் கடிக்கும். அதனால்தான் அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது அவ்வளவு சுலபம். அதைத் தூக்கிய கொஞ்ச நேரத்திலேயே கோபி மீன்கள் கூட்டில் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடும். திரும்பத் தண்ணீரில் விட்டாலும் கூடு போனது போனதுதான். "நாங்கள் பிடித்து விட்டுவிடுவோம்" என்ற சாக்கு எடுபடாது. தடைக்காலத்தில் அந்த மீனைக் குறிவைப்பதே குற்றம்.

செப்டம்பர், ஒக்டோபரில் ஸ்காபரோவின் ஹைலண்ட் கிரீக் ஓடையில் சினூக் சல்மன் மீன் முட்டையிட ஏறும்போது நடப்பது எனக்கு ஆறாத கோபம். வரும் மீனைக் கையால் அமுக்குகிறார்கள், வலையால் அள்ளுகிறார்கள், வெறுங்கொக்கியை உடம்பில் கொழுவி இழுக்கிறார்கள். எல்லாமே சட்டவிரோதம். கேட்டால், "அது எப்படியும் சாகத்தானே போகிறது" என்பார்கள். சாகும், ஆனால் முட்டையிட்ட பிறகு. ஒன்ராறியோ ஏரியில் இயற்கையாகவே அத்லாந்திக் சல்மன் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. அளவில்லாமல் பிடித்ததாலும், ஆலைகளுக்காக ஆற்றை மறித்ததாலும், காடழித்ததாலும் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது முற்றாக அழிந்துபோனது. இன்று ஏறுவது 1960-களின் இறுதியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பசிபிக் இனம். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்த ஏரி இது. "இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் சட்டம்" என்று சலித்துக்கொள்ளும் நம்மவர்கள் அதைத் தெரிந்துகொண்டு பேசட்டும்.

நான் வந்த குளிர்காலத்தில் ஒரு பேஸ்மென்ட்டில் நாங்கள் கும்பலாக இருந்தோம். உணவகத்தில் இரவு வேலை, பகலில் நித்திரை. வசந்தம் வந்ததும் எங்களில் மூத்தவர் ஒருவர், ஊரில் கடலோடு வளர்ந்தவர், வாளியோடு பிக்கரிங் பக்கம் கிளம்பிவிட்டார். "தண்ணீரில் இருப்பதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?" என்பது அவர் பேச்சு. அதிகாரி வந்தார். சத்தம் போடவில்லை. வாளியைக் கவிழ்த்து, மீன்களைப் புல்லில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றாக அளந்து எழுதிக்கொண்டார். மீனும் போனது, தூண்டிலும் போனது, அபராதத்தைக் கட்ட அவருக்கு ஒரு மாதச் சம்பளம் போனது. மொழி தெரியாமல் அவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். அன்றிரவுதான் விதிமுறைப் புத்தகத்தை அகராதியோடு வைத்துக்கொண்டு நான் வாசிக்கத் தொடங்கினேன். இன்றுவரை ஒவ்வொரு வருடமும் புதிதாக வாசிக்கிறேன். மாகாணத்தை 20 மீன்பிடி வலயமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஒன்ராறியோ ஏரி 20-ஆம் வலயம், சிம்கோ 16-ஆம் வலயம், ரைஸ் லேக் 17-ஆம் வலயம். வலயம் மாறினால் காலமும் எண்ணிக்கையும் மாறும்.

பார்க்கில் அடுப்பு என்றால், ரொறன்ரோ பார்க்குகளில் ஒதுக்கிய இடத்தில் மட்டும். 25 பேருக்கு மேல் கூடினால் பெர்மிட் எடுங்கள். முகாமுக்குப் போகும்போது வீட்டு விறகை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். 2002-இல் வின்சர் பக்கம் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பச்சை வண்டு, விறகோடு விறகாகப் பரவித்தான் ஊரூராக ஆஷ் மரங்களைக் கொன்றது. போகும் இடத்திலேயே வாங்கி எரியுங்கள்.

பெரிய மீன் கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் சமைக்குமுன் மாகாணம் வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியில் அந்த ஏரியையும் மீனின் நீளத்தையும் பாருங்கள். பெரிய மீனில் பாதரசம் அதிகம். வீட்டில் கர்ப்பிணிகளோ சின்னப் பிள்ளைகளோ இருந்தால் கட்டாயம் பாருங்கள்.

தூண்டில் எதுவானாலும் பரவாயில்லை, கடையில் விலை குறைந்ததைக் கேட்டு வாங்குங்கள். அதோடு ஒரு அளவுநாடாவும் வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுங்கள்.